சார்ஜ் போடும் நேரம்

என் அப்பா கார் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தார். எங்கள் சொந்தக் காரோ சேரப்பணஞ்சேரியில், வீட்டை ஒட்டிப் போட்டிருந்த தகரக் கொட்டகைக்குள், நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. இருங்காட்டுக்கோட்டையில் அவர் கை பட்டு வெளியே போன வண்டிகள் எந்தெந்த ஊர்ச் சாலைகளிலோ ஓடிக்கொண்டிருக்க, அவருடைய வண்டி மட்டும் ஓடாமல் நிற்பதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது தார்ப்பாயின் ஓரத்தை ஒருமுறை இழுத்துவிட்டு, தூங்கும் குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்கிறவர் மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார்.

வண்டி புதிது இல்லை. கம்பெனிக்குள் சோதனைக்காக ஓட்டிப் பார்த்துவிட்டு ஊழியர்களுக்கு விலை குறைத்துக் கொடுத்தது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வீட்டுக்கு வந்தது. வந்த புதிதில் காரணமே இல்லாமல் எங்கெங்கோ போனோம். அப்புறம் ஷிஃப்ட், ஓவர்டைம், பெட்ரோல் விலை என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்தன. கடைசியில் கல்யாணம், காதுகுத்து, எப்போதாவது சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஒரு சனிக்கிழமை என்று அதன் பயணம் சுருங்கிப்போனது.

வீட்டின் கீழ்ப்பகுதியில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் இருந்தோம். நடுவில் ஒரு கூடம். கூடத்தில் டிவி. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் இரண்டு பையன்கள், ஆகவே இரண்டு அறைகள். எங்கள் மூவருக்கும் ஓர் அறை. அதற்குக் கதவு இல்லை. கதவு போட வேண்டும், போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாட்டிய ஒரு பூப்போட்ட திரைச்சீலை மட்டும் இருந்தது. மாடியில் அறைகள் கட்டி, தென்மாவட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார் பெரியப்பா. அந்த வீட்டில் யாராவது தும்மினால் குறைந்தது நான்கு பேர் ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள்.

அம்மாவும் தெற்கிலிருந்து வந்தவள்தான். திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அப்பா அப்போது அதே கம்பெனியில் இருந்தார். லைனில் அம்மா நட்டை முடுக்கிவிட்டு, முடுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக அதன் மேல் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பாளாம். அடுத்த இடத்தில் நின்ற அப்பா அந்தக் கோட்டைப் பார்த்துச் சரி சொல்லித் தள்ளிவிட வேண்டும். கோட்டைப் பார்க்க வேண்டியவர் கோடு போட்டவளைப் பார்க்கத் தொடங்கியதில் விஷயம் கல்யாணத்தில் முடிந்தது. வேற ஆளுங்க என்பதால் இரண்டு பக்கமும் கோபம். இந்தப் பக்கத்துக் கோபம் நான் பிறந்ததும் தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஊரில் எனக்கு ஒரு சித்தி இருக்கிறாள் என்று மட்டும் தெரியும்.

அம்மா இந்த வீட்டுக்கு வந்த புதிதில், அப்பாவைப் பற்றி யாரோ கேட்டதற்கு, “அவிய இன்னும் வரலியே” என்று சொல்லிவிட்டாளாம். பெரியம்மாவுக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் அவிய, இவிய என்று அம்மா மாதிரியே பேசிக் காட்டுவார். அதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. பெரியம்மா எல்லோரையும்தான் நடித்துக் காட்டுவார், பஞ்சாயத்துத் தலைவர் உட்பட. அண்ணன்கள் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா கொஞ்சம் கொஞ்சமாக ‘இன்னா’ என்றும் ‘வந்துகினு இருக்காரு’ என்றும் பேசப் பழகிக்கொண்டாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா அளந்து அளந்து, கொஞ்சமாகப் பேசுகிறவள். அவளுடைய இயல்பே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது வந்த ஆடி மாதத்தில் கார் முதல்முதலாக எங்கள் மானத்தை வாங்கியது. படப்பைக்கு அந்தப் பக்கம் இருந்த குலதெய்வம் கோயிலில் கூழ் வார்க்க வேண்டும். பெரியம்மா விடியும்முன்பே எழுந்து கூழ் காய்ச்சி, அதை ஒரு பெரிய எவர்சில்வர் தவலையில் ஊற்றி, பட்டுப்புடவை கட்டி, முன் இருக்கையில் உட்கார்ந்து தவலையை மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் பெரியப்பாவும் அம்மாவும் நாங்கள் மூன்று பிள்ளைகளும். அப்பா சாமி கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருகினார். டக், டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

மாடியில் இருந்த பையன்களைக் கூப்பிட்டோம். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். வண்டியைத் தெருவுக்குத் தள்ளி, தெருக்கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டே ஓடினார்கள். அப்பா கிளட்சை விட்டார். வண்டி ஒரு குதி குதித்து உயிர்பெற்றது. தவலையில் இருந்த கூழில் பாதி பெரியம்மாவின் பட்டுப்புடவைக்கும் மீதியில் பாதி கியருக்கும் போயிற்று. அம்மனுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். வழி முழுக்கப் பெரியம்மா எதுவுமே பேசவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

“கார் செய்றவன் வூட்டுக் கார, மாடியில குடியிருக்கிறவன் தள்றான். ஊரே வேடிக்க பாக்குது,” என்று பெரியப்பா மட்டும் பின்னாலிருந்து சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியம் அப்பாவை மாதக்கணக்கில் உறங்கவிடவில்லை.

ஒரகடம் சாலையில் இருந்த பேட்டரிக் கடைக்காரர் பேட்டரியைக் கழற்றிச் சோதித்துப் பார்த்தார். பேட்டரி நல்ல பேட்டரி, வண்டியை நிற்க வைத்தே கொல்கிறீர்கள் என்று சொன்னார். ஓட்ட முடியாவிட்டால் வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது எஞ்சினை ஓடவிடச் சொன்னார். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்ப்பாயை விலக்கி, எஞ்சினைப் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கின் மேல் பேப்பரை விரித்துப் படிப்பார். நாங்கள் பின்னால் ஏறிக்கொண்டு மகாபலிபுரம், ஊட்டி, டெல்லி என்று போய்வருவோம். உள்ளே புளித்த கூழ் வாடை அடிக்கும். அதையும் பொருட்படுத்தாமல் டெல்லி வரைக்கும் போனோம்.

ஆனாலும் பேட்டரி இறங்கியது. ஒரு ஞாயிறு நன்றாகக் கிளம்பும். இரண்டு ஞாயிறு கழித்துச் சாவியைத் திருகினால் முனகும். மாடிப் பையன்கள் வர வேண்டும். அப்பா கேட்காத ஆள் இல்லை. லைனில் கேட்டார், சூப்பர்வைசரிடம் கேட்டார், கம்பெனி பஸ் டிரைவரிடமும் கேட்டார். எங்கோ கரன்ட் கசிகிறது என்றார் ஒருவர். எலி வயரைக் கடிக்கிறது என்றார் இன்னொருவர். எலி என்றதும் குற்றவாளி நான்தான் என்று தோன்றியது. ஏனென்றால் காருக்குள் நான் பிஸ்கட் தின்பது வழக்கம். பிஸ்கட் தூளுக்கு எலி வருகிறது, வந்த எலி பிஸ்கட் போதாமல் கரன்டையும் தின்றுவிடுகிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

நான் காருக்குள் பிஸ்கட் தின்றது ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை. அப்பா செகண்ட் ஷிஃப்ட் போகும் வாரங்களில், சாயங்காலம் ஏழு மணி வாக்கில், கூடத்தில் சீரியல் தொடங்கும். டிவியின் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். அம்மா கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போவாள். சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் கார்ச் சாவியும் அவளோடு போகும். ஒருநாள் பின்னாலேயே போனேன். தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கி, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பின் கதவைத் திறந்துவிட்டு, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் சொல்லவே இல்லை. பிஸ்கட் அதைச் சொல்லிவிட்டது.

கொசு வராமல் இருக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிடுவாள். புழுங்காமல் இருக்கச் சாவியைப் பாதி திருகி ஃபேனைப் போடுவாள். எஞ்சினைப் போட்டால் சத்தத்துக்கு ஆள் வந்துவிடும் அல்லவா? போனைச் சார்ஜில் செருகுவாள். பிறகு சித்திக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பாள். அப்போது அந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பது வேறு ஒரு அம்மாவாக இருக்கும்.

“ஏட்டி, இங்க மழைன்னா மழை, அப்படி மழை. மோட்டார் ரூமுக்குள்ள தண்ணி ஏறிட்டு. புள்ளைக்கு ஸ்கூல் லீவு விட்டுட்டாவ. அவிய மாத்திரம் நனைஞ்சுக்கிட்டே வேலைக்குப் போனாவ,” என்று ஆரம்பித்தால் மூச்சு வாங்காமல் போகும். தக்காளி விலை, என் கணக்கு மார்க், பெரியம்மாவின் மூட்டுவலி, மாடிப் பையன்களில் ஒருவனுக்கு ஊரில் பெண் பார்த்தது, எல்லாவற்றையும் சொல்வாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். சிரிப்பாள். அம்மாவுக்கு இவ்வளவு வார்த்தைகள் தெரியும் என்பதே எனக்கு ஆச்சரியம். அந்தத் தமிழில் பாதி எனக்குப் புரியாது. புரியாதது எதுவாக இருந்தாலும் அது இன்னும் நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அவள் மிகவும் உரக்கப் பேசினாள். மூடிய காருக்குள் என் காது குடையும். ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று கேட்டதற்கு, அங்கே சிக்னல் இல்லை என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சித்திக்குக் காது மந்தம், அதை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. பேச்சை முடிக்கும்முன் ஒவ்வொரு நாளும், “அப்பா சாப்டாவளா?” என்று சித்தியிடம் கேட்பாள். தொழிற்சாலை கேன்டீனில் என் அப்பா சாப்பிட்டாரா இல்லையா என்பது திருநெல்வேலியில் இருக்கிற சித்திக்கு எப்படித் தெரியும்?

இப்படி இருக்கையில்தான் அப்பா இறுதி நடவடிக்கையில் இறங்கினார். பேட்டரியின் ஒரு முனையில் இருந்த கறுப்பு வயரைக் கழற்றிவிட்டார். இனி கரன்ட் கசிவதற்கு வழியே இல்லை, எலி கடித்தாலும் பரவாயில்லை, ஞாயிறு காலையில் மாட்டிக்கொண்டால் போதும் என்று கூடத்தில் எல்லோருக்கும் விளக்கினார். பெரியப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா போதும் என்று சொன்ன பிறகும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் அம்மாவும் நானும் காருக்குள் போய் உட்கார்ந்தபோது ஃபேன் சுற்றவில்லை. போனில் சார்ஜ் ஏறவில்லை. கண்ணாடியை இறக்க முடியவில்லை. வியர்த்துக் கொட்டியது. கதவைத் திறந்தால் கொசு மொய்த்தது. வெளியே வந்துவிட்டோம். மறுநாள் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசிப் பார்த்தாள். அங்கே பையன்கள் நின்றார்கள். அதற்கு மறுநாள் சாலையோரம் போனாள். கன்டெய்னர் லாரிகள் போகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் அறையிலேயே, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினாள். “ம். சரி. ஆங். நல்லாக்கீறோம்” என்று இந்த வீட்டுத் தமிழில் நான்கு வார்த்தை. அப்புறம், “வெக்கிறேன்” என்று வைத்துவிட்டாள். அந்த வாரம் குழம்பில் ஒருநாள் உப்பு இல்லை, ஒருநாள் இரண்டு பங்கு. என் வீட்டுப்பாடத்தைப் பார்க்கவில்லை. தலை வாரிவிடும்போது இழுத்த இழுப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் பழைய டூல் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். துணி எடுக்கப் போகும்போது என்னிடம், “உன் ஸ்கெட்ச் பேனா ஒண்ணு குடு” என்றாள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், அவளுக்கே தெரிந்திருக்காது. ஊதா நிறத்தைக் கொடுத்தேன். பானெட்டைத் தூக்கி, நான் டார்ச் பிடிக்க, வயரை அதன் இடத்தில் வைத்து நட்டை முடுக்கினாள். ஸ்பேனர் அவள் கையில் அவ்வளவு பழக்கமாக இருந்தது. முடுக்கி முடித்ததும், நட்டின் மேலிருந்து அடித்தட்டு வரைக்கும் ஊதாவால் ஒரு கோடு இழுத்தாள். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள். ஃபேன் சுற்றியது. அன்றைக்கு ஊரில் ஒருத்தர் விடாமல் எல்லோரையும் விசாரித்தாள்.

பேசி முடித்ததும் வயரை மறுபடி கழற்றி வைக்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பாள். அதற்குள் சீரியலில் விளம்பரம் போட்டுவிட்டார்கள். “துணி எடுக்கப் போய் இன்னா இவ்ளோ நேரம்?” என்று பெரியம்மா வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தார். அம்மா அவசரமாகப் பானெட்டை மூடிவிட்டுத் துணியை அள்ளிக்கொண்டு ஓடினாள். சனிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. மூன்று பேரும் ஒரு கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போய்விட்டோம், பஸ்ஸில்தான்.

ஞாயிறு காலை அப்பா பானெட்டைத் தூக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தபோது குனிந்து அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் கோடு நீ போட்டியா பாப்பா?”

இல்லை என்றேன். அது உண்மைதான். யார் போட்டது என்று கேட்பார், கேட்டால் பிஸ்கட் வரைக்கும் போகும் என்று பயந்து நின்றேன். அவர் கேட்கவில்லை. கோட்டின் மேல் விரலை வைத்தார். அது நேராக இறங்கி, கடைசியில் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது. எழுத்துப் பழகும் குழந்தை கொம்பு போட்ட மாதிரி. என் கோடு அப்படி இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள அவர் என்னைக் கேட்டிருக்கவே வேண்டாம். நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் அந்தக் கோட்டைப் பார்த்துத் தள்ளிவிட்டவர் அவர். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கூட்டிக் கழித்துப் பார்த்தது. அன்றைக்கு நான் பார்த்தது, அப்பா திடீரென்று சிரித்ததைத்தான். சிரித்துவிட்டுக் கொட்டகைக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஏறினார். சீட் முன்னால் தள்ளிப்போட்டிருந்தது, அம்மாவின் உயரத்துக்கு. வழக்கம் போலப் பின்னால் தள்ளப்போனவர், அதை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சார்ஜரோடு வந்தார். செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து சிவப்பாக ஒன்று, கறுப்பாக ஒன்று என இரண்டு கிளிப்புகள். வீட்டுக் கரன்டிலேயே கார் பேட்டரியை ஏற்றலாம், நிரம்பியதும் அதுவே நின்றுவிடும். எலக்ட்ரீஷியனை அழைத்துவந்து கொட்டகைக்குள் ஒரு ப்ளக் பாயின்ட்டும் ஒரு லைட்டும் போடவைத்தார். பெரியம்மா, காருக்கு எதற்கு லைட் என்று கேட்டார். அப்பா கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார். இனிமேல் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் காருக்குச் சார்ஜ் போட வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் யாரும் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது, ஷாக் அடிக்கும். வயரிங் தெரிந்த ஆள் வீட்டில் அம்மா ஒருத்திதான், ஆகவே அம்மாதான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன்கள் முகத்தில் மரியாதை தெரிந்தது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் ஒரு கவலை. அப்பாவைத் தனியாகப் பிடித்து, நானும் போகக் கூடாதா என்று கேட்டேன்.

“நீ போலாம். உங்க ரெண்டு பேருக்கும் அடிக்காது,” என்றார்.

மின்சாரம் ஆள் பார்த்து அடிக்கும் என்று நான் நம்பினேன். அப்புறம் இன்னொன்றையும் கவனித்தேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரங்களில் அப்பா சாயங்காலம் வீட்டில் இருப்பார் அல்லவா, அப்போதும் ஏழு மணி ஆனதும் அவருக்கு டீ குடிக்க வேண்டும் போல் இருக்கும். வீட்டு டீ சரியில்லை என்று சொல்லிவிட்டு மெயின் ரோட்டுக் கடைக்கு நடந்தே போவார். அவரும் அம்மாவும் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. அவர் வந்ததும், “சார்ஜ் ஏறிச்சா?” என்பார். அம்மா, “ஏறிச்சு” என்பாள். அவ்வளவுதான்.

பேட்டரி இறங்கவே இல்லை. பெரியம்மாவுக்கு மூட்டு மருத்துவரைப் பார்க்கத் தாம்பரம் போக வேண்டியிருந்தபோது முதல் திருகலில் வண்டி கிளம்பியது. பெரியப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, இப்போதுதான் வண்டி வண்டியாக இருக்கிறது என்று சொன்னதை அப்பா வந்து இரண்டு முறை எங்களிடம் சொன்னார்.

மழைக்காலம் முடிந்து கொஞ்சம் குளிர் தொடங்கியிருந்தது. அப்பா செகண்ட் ஷிஃப்ட். நாங்கள் வழக்கம் போல உட்கார்ந்திருந்தோம். பானெட்டுக்குக் கீழிருந்து சார்ஜரின் பச்சை விளக்கு மினுங்கியது. அம்மா சித்தியிடம் சார்ஜரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அதைச் சொல்லாமல் வைத்திருந்தாள் போலிருக்கிறது. அன்றைக்கு என்னவோ சொல்லத் தோன்றியிருக்கிறது.

“அவியளுக்கு எல்லாம் தெரியும்ட்டி. நான் இங்கன உக்காந்து உங்ககிட்ட பேசுதது தெரியும். வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கல. சார்ஜரை வாங்கிட்டு வந்து, லைட்டும் போட்டுக் குடுத்து, யாரும் அந்தப் பக்கம் போவாதீங்கன்னு சொல்லிட்டாவ. காருக்குன்னு சொல்லுதாவ. காருக்கு இல்லட்டி.”

போனின் அந்தப் பக்கம் இன்னொரு குரல் வந்தது. தூரத்திலிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓர் ஆணின் குரல்.

“கார் என்ன நெறம்னு கேளு.”

சித்தியைத்தான் கேட்கச் சொன்னது அந்தக் குரல். சித்தி கேட்கவில்லை. அம்மா கையை நீட்டி ஃபேனை நிறுத்தினாள். ஒரு சாதாரணக் கேள்வி, பதில் தெரிந்த கேள்வி, அதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று எனக்குப் பொறுக்கவில்லை. முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி, “வெள்ள!” என்றேன்.

“அது யாரு?” என்றது குரல்.

“நான்தான், பாப்பா,” என்றேன். எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அது போதும்.

மறுபடி செருமல். பிறகு, முன்னைவிடப் பக்கத்தில் வந்து, “சாப்ட்டியாம்மா?”

“இன்னும் இல்ல. அம்மா போன் பேசிக்கினு கீது,” என்றேன்.

“என்னது?” என்றது குரல். சித்தி அந்தப் பக்கம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. நான் தெளிவாகத்தான் சொன்னேன். மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். எப்போதும் போலக் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

“இன்னும் சாப்பிடலையாம்ப்பா. அம்மா போன்ல பேசிக்கிட்டு இருக்கான்னு சொல்லுதா.”

அதற்கு அப்புறம் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. அதிகம் பேசவில்லை. அம்மா ‘ஆமாப்பா’, ‘சரிப்பா’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. வைத்த பிறகு, அது யார் என்று கேட்டேன். உன் தாத்தா என்றாள். எனக்கு ஒரு தாத்தா இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். அவர் ஏன் காரின் நிறத்தைக் கேட்டார் என்றேன். “வேற என்னத்தைக் கேப்பாவ,” என்றாள். அவருக்கும் ஒரு கார் வாங்கும் எண்ணம் இருக்கிறது, அதனால் விசாரிக்கிறார் என்று நானாக எடுத்துக்கொண்டேன். தினமும் சித்தி போனை ஸ்பீக்கரில் போட்டு அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள் என்பதும், ஏழு மணிக்கு முன்பே அவர் ரேடியோவை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார் என்பதும், பொங்கலுக்குச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொல்லித்தான் தெரிந்தது. சித்தியின் காது நன்றாகவே இருந்தது.

அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் காலை, குழாயடியில் அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, கணக்குப் பரீட்சையில் எவ்வளவு வாங்கினேன் என்று சொல்லப் போனேன். மார்க் கொஞ்சம் குறைவு. ஆகவே அதற்கு முன்னால் வேறு ஒரு செய்தியைச் சொல்லிவைப்பது நல்லது என்று, நேற்று போனில் ஒரு தாத்தா வந்து நம் கார் என்ன நிறம் என்று கேட்டார் என்றேன்.

அப்பா வாயிலிருந்த நுரையைத் துப்பினார்.

“மொதல்லேர்ந்து சொல்லு,” என்றார்.

சொன்னேன். தாத்தா கேட்டது, நான் வெள்ளை என்று சொன்னது, சாப்பிட்டாயா என்று கேட்டது, நான் சொன்னது அவருக்குப் புரியாமல் அம்மா சொல்ல வேண்டிவந்தது. அப்பா பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி நின்றார். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீரை வீணாக்குவதை அவர் பொறுக்கவே மாட்டார்.

“வெள்ளன்னு சொன்னதும் இன்னா சொன்னாரு?”

அதையும் சொன்னேன். முந்தின இரவே, அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பதும், அதற்குப் பிறகு இருவருமே தூங்கவில்லை என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? தெருவில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. இன்னொருமுறை சொல் என்றார் அப்பா. எனக்குச் சலிப்பாகிவிட்டது. அதில் சொல்ல அப்படி என்ன இருக்கிறது, நம் காரின் நிறம் உங்களுக்கே தெரியுமே என்று சொல்லிவிட்டு, கணக்கு மார்க்கை அவர் கேட்க மறந்த சந்தோஷத்தில் வேனைப் பார்த்து ஓடினேன்.